வீட்டில் துப்பாக்கி உண்டா?

மூன்றாமாண்டு, புள்ளியியல் துறை

எண்ணி அறியத்தக்கவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கண்ணால் பார்த்து எண்ணுபவை ஒரு வகை. வாயால் கேட்டு எண்ணுபவை மற்றொரு வகை. சாலையில் செல்லும் பேருந்துகளையும் தோப்பில் நிற்கும் தென்னைகளையும் நாமே நின்று எண்ணிவிடலாம். ஆனால் ஒரு வீட்டின் பெட்டிக்குள்ளும் பரணிலும் என்ன இருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், வாசலில் நின்று அவ்வீட்டாரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் சொல்வதே நமக்குக் கணக்கு. பார்த்து எண்ணுவதில் பிழை நேர்ந்தால் அது எண்ணுபவரின் கண்ணைச் சேர்ந்தது. கேட்டு எண்ணுவதில் நேரும் பிழையிலோ கேட்பவர், சொல்பவர், கேட்ட விதம் ஆகிய மூன்றுக்கும் பங்கு உண்டு. மூன்றாண்டுகளாகப் புள்ளியியல் பயிலும் எனக்கு இந்த இரண்டாம் வகை எண்ணிக்கையின்மீது ஈர்ப்பும் உண்டு. அதே அளவு ஐயமும் உண்டு. அவ்வையத்தை வளர்த்த ஒரு பொருளைப் பற்றியதே இக்கட்டுரை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் கூடிவருகின்றனவா, குறைந்துவருகின்றனவா? இதனை மாதிரிக் கணக்கெடுப்புகள் நம்பத்தக்க முறையில் நமக்குச் சொல்லுமா?

"இங்கே இருந்துகொண்டு அமெரிக்கத் துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன்?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. என் அக்கா திருமணமாகி டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறார். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகன். பள்ளி விட்டு வந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விளையாடப் போகிறவன். தொலைக்காட்சிச் செய்தியில் அமெரிக்கா என்றும் துப்பாக்கிச் சூடு என்றும் ஒருசேரக் காதில் விழுந்தால் அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிடுவார். ஒரு நாள் என்னிடம், "ஏம்பா, அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி வெச்சிருக்காங்களாமே, நிசமா? முன்னைவிட இப்ப கூடிப்போச்சா, கொறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். கணக்குப் படிக்கிற பிள்ளை என்பதால் விடை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று தேடத் தொடங்கினேன். பல மாதங்கள் ஆயின.

முதலில் தெரிய வேண்டியது, அந்நாட்டில் இதற்கான பதிவேடு கிடையாது என்பது. மோட்டார் வண்டிக்கு எண் உண்டு. அது யாருடையது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். துப்பாக்கிக்கு நாடு தழுவிய அப்படியொரு பதிவேட்டை மத்திய அரசு உண்டாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரரிடம் வாங்குபவர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். அப்படிவம் கடைக்காரரிடமே இருக்கும். வாங்குபவர் குற்றப் பின்னணி உடையவரா என்று தொலைபேசியிலும் கணினியிலும் சரிபார்க்கும் முறை 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1999இல் இத்தகைய சரிபார்ப்புகள் ஏறத்தாழ 91 லட்சம். 2020இல் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம். இதைப் பார்த்ததும் துப்பாக்கி வைத்திருப்போர் நான்கு மடங்கு ஆகிவிட்டனர் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட முடியாது. சில மாநிலங்களில் உரிமச் சீட்டுக்காகவும் இச்சரிபார்ப்பு நடைபெறுகிறது. கென்டக்கி மாநிலத்தில் ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களையே மாதந்தோறும் மறுபடி சரிபார்ப்பர். ஒரே சரிபார்ப்பில் ஒருவர் இரண்டு, மூன்று துப்பாக்கிகள் வாங்கலாம். தனியார் இருவர் தமக்குள் கைமாற்றிக்கொள்வது பல மாநிலங்களில் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவர் வீட்டில் அது முதல் துப்பாக்கியா, பதினேழாவதா என்பதை இவ்வெண் சொல்லாது.

ஊரில் மாடுகளின் தொகை கூடியது என்பதால் மாடுள்ள வீடுகளும் கூடின என்று சொல்ல முடியுமா? ஐந்து மாடு வைத்திருந்தவர் பால்பண்ணை தொடங்கி ஐம்பது வாங்கியிருப்பார். ஒற்றை மாடு வைத்திருந்த நாலு பேர் விற்றுவிட்டு நகரத்துக்குப் போயிருப்பர். மாடும் கூடும், மாடுள்ள வீடும் குறையும். ஆகவே, வீடுகளைப் பற்றி அறிய வீடுகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்கிறவர்கள் பலர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கருத்தாய்வு மையம் 1972இல் தொடங்கிய பொதுச் சமூகக் கணக்கெடுப்பு, 1973 முதல் துப்பாக்கியைப் பற்றி ஏறத்தாழ ஒரே சொற்களில் கேட்டுவருகிறது. நெடுங்காலம் வீட்டுக்கே ஆள் சென்று நேரில் கேட்கும் முறை அதனுடையது. கேலப் நிறுவனம் 1959 முதல் கேட்கிறது. தொலைபேசி வழியே ஆயிரம் பேர் அளவில் கேட்பது அதன் அண்மைக் கால வழக்கம். பியூ ஆய்வு மையமும் அவ்வப்போது கேட்கிறது.

இவர்கள் சொல்வதைப் பார்ப்போம். பொதுச் சமூகக் கணக்கெடுப்பின்படி 1970களில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் துப்பாக்கி இருந்தது. அது படிப்படியாக இறங்கி 2014இல் நூற்றுக்கு 31 அளவுக்கு வந்தது. கேலப்பின் கதை வேறு. 1959இல் 49 விழுக்காடு, 1993இல் 51, 1999இல் 34, 2011இல் மீண்டும் 47. பியூ மையம் 2017இல் 42 என்றும் 2023இல் 40 அளவில் என்றும் சொன்னது. ஒன்று நேராகக் கீழே இறங்கும் படிக்கட்டு, மற்றொன்று ஊஞ்சல். 2011, 2012ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பார்த்தால் கேலப்புக்கும் சிகாகோவுக்கும் இடையே ஏறத்தாழ 13 விழுக்காடு வேறுபாடு. அமெரிக்காவில் வயது வந்தோர் அப்போது சுமார் 24 கோடிப் பேர். 13 விழுக்காடு என்றால் மூன்று கோடிக்கு மேல். மூன்று கோடிப் பேர் வீட்டில் துப்பாக்கி உண்டா, இல்லையா என்பதில் இரு பெரிய நிறுவனங்கள் ஒத்துப்போகவில்லை.

இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம். இரண்டாமாண்டில் ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்பினோம். எத்தனை ஆடு என்று கேட்டால், "லோன் ஏதாச்சும் தருவீங்களா தம்பி?" என்று எதிர்க்கேள்வி வரும், விடை அதைப் பொறுத்தது. எத்தனை சவரன் நகை என்று கேட்டால், ஊர் முழுவதிலும் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை. வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர் உண்டா என்ற கேள்விக்கு, கணவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், "அப்படி யாரும் இல்லீங்க" என்பது மனைவியின் விடை. அவர் வயலுக்குப் போயிருந்தால் ஒரு பெருமூச்சு வரும். பிறகு உண்மை வரும். அவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவன் கையில் காகிதத்துடன் வந்து வீட்டுக்குள் இருப்பதைக் கேட்டால், அந்தக் காகிதம் எங்கே போகும் என்று எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு.

டெக்சாஸ்காரரும் அப்படியே எண்ணுவார். அரசாங்கம் என்றேனும் ஒரு நாள் பறிமுதல் செய்யுமோ என்ற அச்சம் சிலருக்கு. திருடனுக்குத் துப்புக் கொடுப்பதாகுமோ என்ற எண்ணம் சிலருக்கு. "உமக்கு ஏன் ஐயா அது?" என்ற வீம்பு சிலருக்கு. மறைக்க விரும்பாமலே தவறான விடை சொல்பவர்களும் இருக்கின்றனர். இவர்களைப் பற்றித்தான் மிகவும் வியப்பான செய்தி கிடைத்தது. 1994இல் பிலிப் குக், ஜென்ஸ் லட்விக் என்ற அறிஞர்கள் ஆராய்ந்த ஒரு தேசியக் கணக்கெடுப்பில், மணமானவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தனர். வீட்டில் துப்பாக்கி உண்டு என்று சொன்ன கணவர்கள் நூற்றுக்கு 49 பேர். மனைவியர் 36 பேர். கணவனும் மனைவியும் வாழ்வது ஒரே வகையான வீடுகளில்தானே! கணவர்களைக் கேட்டாலும் மனைவியரைக் கேட்டாலும் தொகை ஒன்றாகத்தான் வர வேண்டும். 13 விழுக்காடு எங்கே போயிற்று? மனைவிக்குத் தெரியாமல் அலமாரியில் இருக்கலாம். தெரிந்தும் அந்நியரிடம் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். தமக்குத் தொடர்பில்லாத பொருள் என்று நினைவில் இல்லாமலும் இருக்கலாம். நான் சென்ற கிராமத்தில் மனைவி அறிந்ததைக் கணவர் மறைத்தார். அங்கே கணவர் சொல்வதை மனைவி சொல்லவில்லை. எப்படியானாலும் 'வீடு' என்று நாம் எழுதும் விடை, அந்த வீட்டில் கதவைத் திறந்தவர் யாரோ அவருடைய விடைதான்.

மறைத்தல் எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கைத்துப்பாக்கியைப் பதிவு செய்தவர்களின் பட்டியல் கிடைக்கும் இடங்களில், அப்பட்டியலில் உள்ள வீடுகளுக்கே சென்றோ தொலைபேசியிலோ, பட்டியலைப் பற்றிச் சொல்லாமல், "வீட்டில் துப்பாக்கி உண்டா?" என்று கேட்டனர். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், மிச்சிகன் மாநிலத்தின் ஒரு மாவட்டத்தைப் பற்றி 1995இல் வெளிவந்த ஓர் ஆய்விலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் 'உண்டு' என்றே சொல்லினர். மக்கள் பெரும்பாலும் உண்மையே பேசுகிறார்கள் என்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. தாமாகச் சென்று பதிவு செய்துகொண்டவர், அரசாங்கத்திடம் அஞ்சாதவர். அஞ்சுகிறவரோ பட்டியலிலேயே இல்லை. அவர் என்ன சொல்வார் என்பதை இச்சோதனை காட்டாது.

விடை சொல்லாதவரை என்ன செய்வது? தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் முறையில், பியூ மையம் 1997இல் தேர்ந்தெடுத்தவர்களுள் நூற்றுக்கு 36 பேர் விடையளித்தனர். 2012இல் அது 9, 2018இல் 6. மீதி 94 பேர் எப்படிப்பட்டவர்கள்? வயது, பால், படிப்பு, மாநிலம் ஆகியவற்றைக் கொண்டு எடை போட்டுச் சரிசெய்கிறார்கள். ஆனால் யாரையும் நம்பாமல் தொலைபேசியை வைத்துவிடும் குணத்துக்கு மக்கள்தொகைக் கணக்கில் கட்டம் இல்லையே! அக்குணமும் துப்பாக்கி வைத்திருப்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தால், எடை போட்டும் பயனில்லை. 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஒரு கோடி பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, லண்டன் என்பவரே குடியரசுத் தலைவராவார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் வென்றார், லண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். எத்தனை பேர் விடை சொன்னார்கள் என்பதைவிட யார் சொல்லவில்லை என்பதே முக்கியம் என்று முதலாண்டிலேயே நாம் படித்த பாடம் அது.

இனி, கேள்வியின் சொற்கள். 'வீட்டில்' என்று மட்டும் கேட்டால் ஒரு விடை. 'வண்டிக் கொட்டகையிலோ, களஞ்சியத்திலோ, காரிலோ' என்று சேர்த்துக் கேட்டால் மற்றொரு விடை. கேலப்பின் 47 விழுக்காடு, வீட்டுக்கு வெளியே தம் இடத்தில் வைத்திருப்பதையும் சேர்த்துக் கேட்டு வந்தது. பிறகு, மாதிரியின் அளவு. ஆயிரம் பேரைக் கேட்டு 45 விழுக்காடு என்று பெற்றால், இருபுறமும் 3 விழுக்காடு தள்ளாட்டம் இயல்பு. இரண்டு ஆண்டுகளின் கணிப்புகளை ஒப்பிட்டால் அத்தள்ளாட்டம் 4 விழுக்காட்டுக்கும் மேல் போகும். ஆகவே, சென்ற ஆண்டு 43, இவ்வாண்டு 45 என்பதைக் கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போடும் செய்தித்தாள், காற்றில் ஆடும் இலையைக் கண்டு மரம் நகர்ந்தது என்கிறது.

இவ்வளவும் எழுதிய பின், "அப்படியானால் கணக்கெடுப்பே வீண்தானே?" என்று கேட்பீர்கள். நானும் சில நாள் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உனக்கு வேண்டியது அளவா, போக்கா?"

எங்கள் தெருப் பால்வாடியில் குழந்தைகளை நிறுக்க ஒரு தராசு இருந்தது. எந்தக் குழந்தையை வைத்தாலும் கால் கிலோ குறைத்தே காட்டும். அத்தராசைக் கொண்டு குழந்தையின் எடை எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் மாதாமாதம் அதே தராசில் நிறுத்தால் குழந்தை வளர்கிறதா, மெலிகிறதா என்று ஐயமின்றிச் சொல்லலாம். பிழை மாறாமல் இருக்கும்வரை போக்கு சரியாகவே தெரியும். கணக்கெடுப்பும் அப்படியே. ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒருவர் மறைக்கிறார் என்றால், 50 என்பது 45 ஆகும். 35 என்பது 31 அல்லது 32 ஆகும். அளவு தவறு, இறக்கம் உண்மை. ஆபத்து எங்கே என்றால், தராசின் பிழையே ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது. முன்பு பத்தில் ஒருவர் மறைத்தார், இப்போது மூவர் மறைக்கிறார் என்றால், ஒரு துப்பாக்கிகூடக் குறையாமலே கணக்கில் இறக்கம் தோன்றும். அமெரிக்காவில் துப்பாக்கி அரசியல் சண்டையாகிவிட்ட காலத்தில் அவ்வாறு நடந்திருக்கக் கூடாதா? கூடும். போதாக்குறைக்கு, நேரில் கேட்டுவந்த சிகாகோ மையமே 2021இல் நோய்த்தொற்றுக் காரணமாகப் பெரும்பாலும் இணையம் வழிக் கேட்க நேர்ந்தது. தராசையே மாற்றியது போன்றது இது.

எனவே, தராசைச் சோதிக்க வெளியிலிருந்து சாட்சிகள் வேண்டும். முதல் சாட்சி வேட்டை. அதே சிகாகோ கணக்கெடுப்பில், தாமோ தம் வாழ்க்கைத் துணையோ வேட்டையாடுவதாகச் சொன்னோர் 1977இல் ஏறத்தாழ 32 விழுக்காடு; 2014இல் 15. வேட்டையை யாரும் மறைப்பதில்லை. மான் கொம்பைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். வேட்டைக்காரர் பாதியானால் வேட்டைத் துப்பாக்கி உள்ள வீடுகளும் குறைந்திருக்கும் என்று கொள்வது முறையே. இரண்டாம் சாட்சி குடும்பத்தின் அளவு. 1970இல் ஓர் அமெரிக்க வீட்டில் சராசரி 3.14 பேர் இருந்தனர், 2020இல் 2.5 அளவே. ஆள் குறைந்தால், அவ்வீட்டில் ஒருவராவது துப்பாக்கி வைத்திருக்கும் வாய்ப்பும் குறையும்.

மூன்றாம் சாட்சி துயரமானது. இறப்புப் பதிவேடு யாரிடமும் கேட்டு எழுதப்படுவதன்று. தற்கொலை செய்துகொள்பவர்களுள் துப்பாக்கியால் மாண்டவர் எத்தனை பங்கு என்பதை, துப்பாக்கி எவ்வளவு பரவலாக உள்ளது என்பதற்கு அடையாளமாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடும்போது இவ்வடையாளம் கணக்கெடுப்புகளுடன் நன்றாக ஒத்துப்போகிறது. நாடு முழுவதற்கும் இப்பங்கு 1990இல் நூற்றுக்கு 61, 2014இல் 50, 2021இல் 55 அளவு. இறக்கமும், அண்மையில் ஏற்றமும் தெரிகின்றன. இச்சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும். 1990இல் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டோர் 18,885 பேர். 2014இல் 21,334 பேர். எண்ணிக்கை கூடியது, வேறு வழிகளில் இறந்தோர் இன்னும் வேகமாகக் கூடியதால் பங்கு குறைந்தது. ஆகவே காலப்போக்கை அறிய இதை மட்டுமே நம்புதல் தகாது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, 1980 முதல் 2016 வரை, பல கணக்கெடுப்புகளையும் இப்பங்கையும் வேட்டை உரிமங்களையும் துப்பாக்கி இதழ் ஒன்றின் சந்தாக்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. அதிலும் நெடுங்காலப் போக்கு இறங்குமுகமே.

அப்படியானால் கடைகளில் விற்பனை ஏறியது எப்படி? அதற்கும் விடை கிடைத்தது. ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2015இல் நடத்திய கணக்கெடுப்பு, நாட்டில் உள்ள துப்பாக்கிகள் 26 கோடியே 50 லட்சம் என்று மதிப்பிட்டது. 1994இன் மதிப்பீடு 19 கோடியே 20 லட்சம். ஏழு கோடிக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் அவற்றில் பாதி, வைத்திருப்போருள் நூற்றுக்கு 14 பேரிடமே இருந்தன. நான் சொன்ன பால்பண்ணைக் கதைதான். பிறகு காலம் திரும்பியது. 2019 தொடக்கம் முதல் 2021 ஏப்ரல் வரை ஏறத்தாழ 75 லட்சம் பேர் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியதாகவும் அவர்களுள் பாதியளவு பெண்கள் என்றும் அதே ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டனர். இதை மாடு எண்ணும் முறையில் அறிய வழியே இல்லை. கேட்டதால்தான் தெரிந்தது.

இதில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மனம் உடைந்த ஒரு வேளையில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பதே பலருக்கு உயிரா சாவா என்பதைத் தீர்மானித்தது. 2015இன் கணக்கெடுப்பு, குண்டு நிரப்பிப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் 46 லட்சம் குழந்தைகள் வளர்வதாக மதிப்பிட்டது. இப்படிப்பட்ட ஒன்றை அரசாங்கமே விரிவாகக் கேட்ட காலமும் இருந்தது. 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையங்களின் தொலைபேசிக் கணக்கெடுப்பு, ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல், எல்லா மாநிலங்களிலும் துப்பாக்கியைப் பற்றி வினவியது. அதன் பின் எல்லா மாநிலங்களிலும் கேட்கும் வழக்கம் நின்றது. கேட்ட விடை ஐயத்துக்குரியது என்பது ஒரு குறை. கேட்காமலே விட்டுவிடுவதோ இருட்டு.

அம்மாவுக்கு நான் சொன்ன விடை இது: "பத்து வீட்டுல நாலு வீட்டுல இருக்கும்மா. நாப்பது அம்பது வருசத்துக்கு முன்னால அஞ்சு வீட்டுல இருந்துச்சு. நடுவுல மூணு, மூணரைன்னு இறங்கி, இப்ப கொஞ்சம் ஏறியிருக்கு." பல மாத உழைப்பை மூன்று வரியில் சொல்லி முடித்த பெருமிதம் எனக்கு. அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த நாலு வீடு எதுன்னு உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்றார்.

எந்தப் பாடநூலிலும் இதற்கு விடை இல்லை. விழுக்காடு ஒரு நாட்டுக்கு உண்டு. ஒரு வீட்டுக்குக் கிடையாது. அக்காவிடம் சொன்னேன். குழந்தையை விளையாட அனுப்புமுன் அவ்வீட்டாரைக் கேட்டுவிடுமாறு அங்கே குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்களாம். "கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குடா. என்ன நினைச்சுப்பாங்களோ" என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டே விட்டார். மகன் அடிக்கடி போகும் வீட்டின் அம்மையார் கோபிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உண்டு என்றும் சொல்லவில்லை. "இருங்கள், என் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றாராம். மாலையில் பதில் வந்தது: இரண்டு இருக்கின்றன, இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கின்றன, சாவி கணவரிடம். 49க்கும் 36க்கும் இடையே காணாமற்போன அந்த 13 விழுக்காட்டில் ஒரு வீட்டை அன்று என் அக்கா கண்டுபிடித்தார் என்றே எனக்குத் தோன்றியது. அன்று காலையில் அவ்வீட்டுக்குத் தொலைபேசி செய்திருந்தால், சிகாகோ மையமாக இருந்தாலும் கேலப்பாக இருந்தாலும் 'தெரியாது' என்றோ 'இல்லை' என்றோதான் எழுதியிருக்கும்.

தொகுத்துச் சொன்னால் என் முடிவுகள் இவை. துப்பாக்கி உள்ள வீடுகளின் துல்லியமான அளவைக் கணக்கெடுப்புகளிலிருந்து பெற முடியாது. அவை சொல்லும் எண், உண்மைக்குச் சற்றுக் கீழேயே இருக்கக்கூடும். ஓராண்டுக்கும் மறு ஆண்டுக்கும் இடையே தோன்றும் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தலாகாது. ஒரே கேள்வியை ஒரே முறையில் பல பத்தாண்டுகள் கேட்டு வந்ததில் தெரியும் போக்கை, வெளிச் சாட்சிகளும் அதையே சொல்லுமானால், நம்பலாம். 1970களிலிருந்து 2010களின் நடுப்பகுதி வரை நேர்ந்த இறக்கம் அப்படி நம்பத்தக்கது. அதன் பிறகு வந்த ஏற்றத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற, கேட்கும் முறைகள் மாறிவிட்டமையால், இன்னும் சில சுற்றுகள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் துறையில் பட்டம் பெறும் நண்பர்கள் பலர் நாளை ஏதாவதொரு கணக்கெடுப்பில் படிவத்துடன் ஒரு வாசற்படியில் நிற்கப்போகிறவர்கள். உள்ளேயிருந்து வருபவர் அவ்வீட்டை முழுதும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அறிந்ததை எல்லாம் நம்மிடம் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவோம். யார் சொன்னார், அப்போது அருகில் யார் இருந்தார், யார் கதவைத் திறக்கவே இல்லை என்பதையும் மறவாமல் ஓரத்தில் குறித்து வைப்போம்.